அந்தக் கிழப் பாதிரியாருக்கு வயது 44

கார்த்தி: நேற்று ராத்திரி தனியாக 'எக்ஸார்சிஸ்ட்' பார்த்தேன். விடிந்துவிட்டது, இன்னும் லைட்டை அணைக்கவில்லை 😐

சுதா அத்தை: உனக்கு வேண்டியதுதான். பரீட்சை நேரத்தில் பேய்ப் படம்!

கார்த்தி: பேயை விடுங்கள் அத்தை. அந்த வயதான பாதிரியார் மாத்திரை போடும்போது கை நடுங்குமே, அதைப் பார்த்துத்தான் ஆடிப்போனேன். பாவம், எழுபது வயதுக்கு மேலிருக்கும்.

பெரியப்பா: படம் வந்தது 1973. அந்த வேஷம் போட்ட நடிகர் பிறந்தது 1929. கணக்குப் போடு.

கார்த்தி: 44???

நித்யா: அப்பாவைவிடச் சின்னவர் 😂

பெரியப்பா: மாக்ஸ் வான் சிடோ. ஸ்வீடன்காரர். டிக் ஸ்மித் என்பவர் தினமும் மணிக்கணக்கில் உட்காரவைத்துப் போட்ட மேக்கப் அது. ஆனால் அந்த நடுக்கமும், மூச்சு வாங்குவதும் மேக்கப்பில் வராது. மேடையில் கற்ற வித்தை.

நித்யா: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரில் மரத்து வேருக்குள் உட்கார்ந்திருப்பாரே, மூன்று கண் காக்கை, அவரா?

பெரியப்பா: அவரேதான். 2016-ல் வந்தது. அப்போது நிஜமாகவே 87.

பெரியப்பா: ஸ்டாக்ஹோம் ராயல் டிராமாடிக் தியேட்டரில் படிப்பு. பிறகு சின்ன ஊர் அரங்குகள். 1955-ல் மால்மோ நகர அரங்கம். அங்கே இயக்குநர் யார் தெரியுமா, உலகம் கொண்டாடும் சினிமா இயக்குநர் இங்மார் பெர்க்மன்! சீசன் முழுக்க மேடையில் இப்சன், மோலியேர், கதே எழுதிய நாடகங்கள். கோடையில் நாடகத்துக்கு விடுமுறை விட்டால், அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெர்க்மன் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். 'செவன்த் சீல்' அப்படி 1956 கோடையில் எடுத்ததுதான். கடற்கரையில் மரணத்தோடு சதுரங்கம் ஆடுகிற போர்வீரன். ஊர் உலகமெல்லாம் சுற்றிக் களைத்தவன் முகம். ஆளுக்கு வயது 27.

சுதா அத்தை: அண்ணா, காபி ஆறுகிறதாம். அண்ணி எனக்கு போன் போட்டுச் சொல்கிறார்.

பெரியப்பா: ஆறிவிட்டது.

சித்தப்பா: இவர் இயேசுவாக நடித்தவர்தானே அண்ணா? நம் தெரு சர்ச்சில் திரை கட்டிப் போட்டார்களே.

பெரியப்பா: ஆமாம், 1965 படம். ஆங்கிலத்தில் முதல் படமே அதுதான். அமெரிக்க ஜனங்களுக்குப் பழகாத முகம் வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இவரைப் பிடித்தார். ரொம்ப நீளம், நான் தூங்கிவிட்டேன். அப்புறம் 'ஃப்ளாஷ் கார்டன்' படத்தில் பளபள அங்கி மாட்டிய மிங் சக்கரவர்த்தி வரை எதையும் விடவில்லை மனிதர்.

நித்யா: ஆஸ்கர்?

பெரியப்பா: இரண்டு முறை பரிந்துரை, இரண்டு முறையும் இல்லை. முதல் முறை 'பெல்லே தி கான்கரர்' படத்துக்கு. 'ரெயின் மேன்' படத்துக்காக டஸ்டின் ஹாஃப்மன் தட்டிக்கொண்டு போனார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சித்தப்பா: என்ன கதை?

பெரியப்பா: ஸ்வீடனிலிருந்து பிழைப்புத் தேடி டென்மார்க் தீவுக்குக் கப்பலில் வரும் அப்பனும் பையனும். அங்கே போனால் ஆகா ஓகோ என்று மகனிடம் அளந்துகொண்டே வருவான். இறங்கினால், பண்ணைக்காரர்கள் வந்து கூலிக்கு ஆள் பொறுக்குகிறார்கள். அப்பனுக்கு வயதாகிவிட்டது, பையன் பொடியன். ஒருவரும் சீண்டவில்லை. மற்றவர்களெல்லாம் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

சுதா அத்தை: இதைப் பார்க்கலாம் போலிருக்கிறதே. பேய் கிடையாதே?

பெரியப்பா: கிடையாது. இரண்டரை மணி நேரம்.

சுதா அத்தை: அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு டிவியில் போடுங்கள். கார்த்தி வரக்கூடாது, படிக்கட்டும்.

கார்த்தி: அநியாயம்! சரி, அத்தைக்குப் புரிய சப்டைட்டில் உண்டா?

பெரியப்பா: உண்டு. கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா சுதா, போன தடவை மாதிரி என்னை வாசிக்கச் சொல்லாதே.