மறுமொழி: ஹெட்லைனருக்குத் தமிழ்: கூரைத்துணியா, உட்கூரையா, விதானமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளின் உட்புறச் சீரமைப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ஹெட்லைனர் ஒன்றுதான், அதாவது வண்டிக்குள் தலைக்கு மேலே கூரையை மூடியிருக்கும் உறைக்கான பெயர்தான், இழுத்துக்கொண்டே போகிறது. கூரைத்துணி, உட்கூரை, விதானம் என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்: மேற்கட்டி. காரணம் சொல்வதற்கு முன்பு அந்தப் பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் கெடுகிறது என்று பேசியாக வேண்டும். பழுது எங்கே என்பதை மறைக்கிற சொல்லை வேலை செய்கிறவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

> தொங்குவது துணிதானே? கூரைத்துணி என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கம் வேண்டியதில்லை, சரி. ஆனால் அந்தப் பெயர் ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பிவிடும். பிற்காலத்து வண்டிகளில் கூரைக்குக் கீழே இருப்பது மூன்று அடுக்கு. மேலே, அச்சில் அழுத்தி வார்த்த நார் அட்டை. அதற்குக் கீழே சில மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் நுரை. நம் கண்ணில் படுவது மூன்றாவது அடுக்கான துணி. நுரையும் துணியும் ஆலையிலேயே ஒன்றாக இணைந்து வருபவை. வெயிலில் நிற்கும் வண்டியின் சூடும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் என்றால் ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம் இரையாகும். கடைசியில் நுரை பிசுபிசுத்து, அப்புறம் தூளாகிவிடுகிறது. துணி கிழிந்திருக்காது. பசைகூடப் பெரும்பாலும் அட்டையை விடாமல்தான் பிடித்திருக்கும். நடுவில் இருந்தது இல்லாமல் போனதால் துணி தொங்குகிறது.

'கூரைத்துணி தொங்குகிறது' என்ற வாக்கியத்தோடு வேலையை ஆரம்பிப்பவர் துணிக்குப் பின்னால் பசையைப் பீய்ச்சி மறுபடி அழுத்துவார். பசை அட்டையில் ஒட்டாது, நுரைத் தூளில்தான் ஒட்டும். அடுத்த வெயிலில் மறுபடி விழும். குண்டூசி குத்தி நிறுத்துவதும் அப்படித்தான், தற்காலிகம். சரியான வழி வேறு. வெயில் மறைப்புகள், உள்விளக்கு, கூரையைத் தாங்கும் தூண்களின் ஓர மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி, அட்டையை மடக்காமல் கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். பழைய துணியை உரித்து, மிச்ச நுரை முழுவதையும் நைலான் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பித் தூரிகை வேண்டாம், அட்டையின் நாரைப் பிய்த்துவிடும். இந்தத் தூள் மூச்சில் போகும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். அதன் பிறகு நுரை ஒட்டிய புதுத்துணி. உயர்வெப்பம் தாங்கும் தொடுபசையை அட்டை, நுரை இரண்டிலும் தெளித்து, விரலில் இழுபடும் பதம் வரும்வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே போக வேண்டும். தேய்த்துச் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். அதைப் பாதியில் விட்டால் மேலே செய்வது எல்லாம் வீண்.

ஆகவே நமக்குத் தேவை முழு அமைப்புக்கு ஒரு பெயர். அந்தப் பெயரிலிருந்தே அடுக்குகளுக்கும் பெயர் கிளைக்க வேண்டும். அப்போதுதான் 'நுரை போய்விட்டது, அட்டை நல்லா இருக்கிறது' என்று பழுதைச் சரியாகச் சொல்ல முடியும். கூரைத்துணியிலிருந்து கிளைத்தால் 'கூரைத்துணி அட்டை', 'கூரைத்துணி நுரை' என்று வரும். துணியின் அட்டை என்று யாருக்கும் பொருள் படாது.

> உட்கூரை சுருக்கமாக இருக்கிறது. கட்டடத்திலும் பழகிய சொல்.

சுருக்கம் உண்மைதான். ஆனால் சில வண்டிகளில் வெளிக்கூரைத் தகட்டுக்கு உள்ளே இன்னொரு இரும்புத் தகடும் இருக்கிறது. தகட்டு வேலை செய்கிறவர் உட்கூரை என்று கேட்டால் அந்தத் தகட்டைத்தான் நினைப்பார். அதில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை, துணி மாற்றுவது தனி வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டில் ஒவ்வொரு தடவையும் அடைமொழி சேர்க்க வேண்டிவரும். உட்கூரை என்பதை அந்தத் தகட்டுக்கே விட்டுவிடலாம், அதற்கு மிகப் பொருத்தமான சொல் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய உழைப்பு வண்டிகள் பலவற்றில் இந்த உறுப்பே கிடையாது. பெயின்ட் அடித்த வெறும் தகடுதான் தலைக்கு மேலே இருக்கும். அந்த வண்டியை முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர் துணி ஒட்டக் கூடாது. 'உட்கூரையை மாற்றவும்' என்று கையேட்டில் படித்தால் அவர் எதைச் செய்வார்?

> விதானம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. 'நீல விதானத்து' என்று மங்கல வாழ்த்தில் வரும். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சான்றில் குறையே இல்லை. தலைக்கு மேலே விரித்த துணி என்ற பொருளும் அப்படியே பொருந்துகிறது. வேறு வாகனமாக இருந்தால் நானே இதற்குத்தான் வாக்களித்திருப்பேன். பிக்கப்பில் ஒரு சிக்கல் வருகிறது. பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டிக்கு மேலே பொருத்தும் கூண்டைக் கேனபி என்கிறோம். கேனபிக்கு விதானம் என்று ஏற்கெனவே பல துறைகளில் எழுதுகிறார்கள், காட்டு மரங்களின் மேலடுக்குக்குக்கூட அதுதான் பெயர். கையேட்டில் பிற்பாடு தொட்டிக் கூண்டு பற்றிய பகுதி வரும்போது விதானம் அங்கே தேவைப்படும். ஒரே வண்டியில் முன்னால் ஒரு விதானம், பின்னால் ஒரு விதானம் என்று வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

மேற்கட்டி விதானத்தின் தமிழ் இணைதான். பழைய உரைகளும் அகராதிகளும் ஒன்றை மற்றொன்றால் விளக்குகின்றன. மேலே கட்டப்பட்டது என்று சொல்லே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. இன்னும் ஒரு பொருத்தம் இருக்கிறது, எனக்கு இந்தச் சொல்மேல் பிடிப்பு வந்ததே அதனால்தான். வார்ப்பு அட்டை வருவதற்கு முன்னால் துணி வைத்த வண்டிகளில் அது உண்மையாகவே கட்டித் தொங்கவிடப்பட்டதுதான். கூரையின் இரு பக்கமும் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் வளைந்த எஃகுக் கம்பிகள் குறுக்கே நிற்கும். துணியின் பின்பக்கம் குறுக்குவாக்கில் குழாய் போலத் தைத்த மடிப்புகளில் அந்தக் கம்பிகள் நுழைந்திருக்கும். ஓரங்களை இழுத்து விளிம்பில் ஒட்டியோ செருகியோ விறைப்பாக நிறுத்துவார்கள். நுரையே இல்லை. அதனால் இந்த வகை, நுரை வகையைப் போலத் தொய்வதும் இல்லை. துணி நைந்து கிழியும், தையல் விடும், மழைநீர் ஒழுகிக் கறை பிடிக்கும்.

இரண்டு தலைமுறை அமைப்புக்கும் சேர்த்துப் பொருந்தும் ஒரே சொல் மேற்கட்டிதான். கிளைச்சொற்கள் இப்படி வரும்: மேற்கட்டி அட்டை, மேற்கட்டி நுரை, மேற்கட்டித் துணி. பழைய வகையில் துணியைத் தாங்கும் வளைந்த கம்பிக்கு மேற்கட்டி வில். அந்த வில் நுழையும் தையலுக்கு வில்மடிப்பு. பழுதுகளுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது: நுரை உதிர்வு, துணித் தொய்வு, அட்டை முறிவு. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, செலவு வேறு.

> மேற்கட்டி என்றால் மேலே கட்டிய எதையும் குறிக்குமே, வண்டியின் கூரைமேல் சாமான் வைக்கும் சட்டத்தையும்?

நல்ல கேள்வி அம்மா. சொல்லின் பகுதிகளை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். வழக்கில் மேற்கட்டி எப்போதும் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் துணிதான், கூரைக்கு வெளியே இருப்பதற்கு அந்தப் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. சாமான் சட்டத்துக்குக் கூரைச் சட்டம் என்று நம் பட்டியலிலேயே இருக்கிறது, அது போதும்.

வரையறையோடு இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்க்கச் சொல்கிறேன். சொற்பட்டியலில் எச்சரிக்கை எதற்கு என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வண்டிக்குள் படுத்து வேலை செய்யப்போகிறார், அதற்காகத்தான்.

ஒன்று, பெட்ரோல் தொட்டி. பழைய பிக்கப்கள் பலவற்றில் எரிபொருள் தொட்டி இருக்கைக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கும். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரொலெட் சி-10 அப்படிப்பட்டது. 1973இல் வடிவம் மாறியபோதுதான் தொட்டி அறைக்கு வெளியே போனது. தெளிப்புப் பசையின் கரைப்பான் ஆவி எளிதில் தீப்பற்றும். அதோடு பெட்ரோல் ஆவியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். அட்டை வகை என்றால் பசை வேலை முழுவதையும் வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, துணித் தேர்வு. வீட்டுத் திரைத்துணி அழகாக இருக்கிறது என்று அதை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1972 செப்டம்பர் முதல் வண்டி உட்புறப் பொருள்களுக்குத் தீப்பரவல் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. சோதனையில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டரைத் தாண்டிப் பரவக் கூடாது. பிக்கப்களும் அதற்குள் வரும். வாகனத்துக்கென்று செய்த துணி இந்த மாதிரிச் சோதனையைக் கடந்து வருகிறது, திரைத்துணிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தலைக்கு மேலே எரியும் துணி உருகிக் கீழே சொட்டும். ஆகவே மேற்கட்டித் துணி என்ற பதிவில் 'வாகனத் தரத் துணி' என்ற சொற்கள் இருந்தே ஆக வேண்டும்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய மறுப்பு எதுவும் இல்லை, சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டாஷ்போர்டை டாஷ்போர்டு என்றே விடலாம். அதன் மேல்தோல் பிவிசி, உள்ளே நுரை. பிவிசியை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மம் வெயிலில் ஆவியாகி வெளியேறுவதால்தான் தோல் விறைத்து வெடிக்கிறது. முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப்படலம் போலப் படிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சேர்மத்துக்கு நெகிழ்வூட்டி என்று முன்மொழிந்தது அருமை. வெடித்த டாஷ்போர்டுமேல் ஒட்டும் வார்ப்பு மூடிக்கு 'மேலோடு' என்று வைக்கலாமா?

கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு 'ஈரத்தடுப்புத் தாள்'. இதற்குக் கட்டாயம் தனிப் பதிவு வேண்டும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரை அறைக்குள் வரவிடாமல் கீழே வடியவைப்பது இந்தத் தாள்தான். கிழிந்த தாளைத் திரும்ப ஒட்டாமல் விடுவதால் எத்தனையோ புதுப் பலகைகள் உப்பிப்போகின்றன. தரைவிரிப்புக்கு அடியிலுள்ள சணல் மெத்தையில் ஈரம் தங்கித் தரைத்தகடு துருப்பிடிப்பதற்கும் இதுவே பல நேரம் தொடக்கம்.

இருக்கை உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய உலோக வளையத்துக்கு ஆங்கிலத்தில் ஹாக் ரிங் என்று பெயர், அதை 'பன்றி வளையம்' என்று நேராகப் பெயர்த்திருக்கிறீர்கள். பன்றியின் மூக்கில் மாட்டிய வளையத்திலிருந்து வந்த பெயர் அது. இங்கே அந்த வரலாறு வேலைக்கு உதவாது. குறடால் நெருக்கினால் இரு முனையும் வந்து கவ்விக்கொள்கிறது, எனவே கவ்வு வளையம். கருவிக்குக் கவ்வு வளையக் குறடு.

> மொத்த வேலைக்கும் புதுப்பித்தல் என்று எழுதலாமா, மீட்டமைத்தல் என்றா?

இரண்டும் வேண்டும், இடம் பார்த்து. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த துணி, நிறம், தையல் ஆகியவற்றைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தால் அது மீட்டமைத்தல். உட்கார வசதியாகப் புது நுரையும் புது உறையும் போட்டால் புதுப்பித்தல். வெறும் தகட்டுக் கூரையில் மேற்கட்டி பொருத்துவது புதுப்பித்தல்தான், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது மீட்டமைத்தல் ஆகாது. கணினித் திரையில் மீட்டமை வேறு பொருளில் வருகிறது என்ற கவலை இங்கே தேவையில்லை, யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மேற்கட்டிக்கு நான் முன்மொழியும் பதிவு இது: 'மேற்கட்டி: வாகன அறையின் கூரைத் தகட்டுக்குக் கீழே, பயணிகள் பக்கம் அமையும் உறை. வில்களில் தொங்கும் துணியாகவோ, வார்ப்பு அட்டைமேல் நுரையோடு ஒட்டிய துணியாகவோ இருக்கும்.'

மேற்கட்டி வில் பதிவில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். வில்கள் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும், ஆனால் வளைவும் நீளமும் ஒன்றுக்கொன்று மாறும். இடம் மாற்றிப் போட்டால் துணி எங்கே இழுத்தாலும் சுருக்கம் போகாது. கழற்றும்போதே முன்னாலிருந்து பின்னாக எண் எழுதிய ஒட்டுத்தாளை ஒவ்வொரு வில்லிலும் ஒட்டிவிட வேண்டும். எந்தத் துளையில் நின்றது என்பதையும் அதிலேயே குறித்துவிடலாம்.

அன்புடன்.