பழைய கார் எஞ்சினில் கூலன்ட் ஓட்டத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் காலத்து நான்கு சிலிண்டர் கார். பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். வண்டி நின்றபடி ஓடும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. நீண்ட ஏற்றத்திலோ நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாகச் செல்லும்போதோ அது மெல்ல மேலேறிச் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவதில்லை, கசிவும் இல்லை. சூட்டுக்கேற்பத் திறந்து மூடி ரேடியேட்டருக்குப் போகும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஓட்டம் தடையின்றி இருக்கும் என்கிறார் ஒருவர். கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டரில் தங்க நேரமின்றி ஆறாமலே திரும்பிவிடும் என்கிறார் இன்னொருவர். வாட்டர் பம்பின் கப்பியைச் சிறியதாக மாற்றிப் பம்பை வேகமாகச் சுழல விடலாமா என்றும் யோசிக்கிறேன். எது சரியான வழி?

பதில் 1

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். ஆனால் கழற்றக்கூடாது என்பதற்கு இரண்டாமவர் சொன்ன காரணம் சரியல்ல. கூலன்ட் ஒரு மூடிய சுற்றில்தான் ஓடுகிறது. ஓட்டம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் அது ரேடியேட்டரில் குறைவாகவே குளிரும் என்பது உண்மைதான் என்றாலும், ரேடியேட்டர் முழுவதும் சூடாக இருப்பதால் அது காற்றுக்குக் கொடுக்கும் மொத்த வெப்பம் கூடுமே தவிரக் குறையாது. உண்மையான சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் பம்புக்குத் திரும்பிவிடும். மேலும், தெர்மோஸ்டாட் தரும் சிறு தடையால்தான் பிளாக்குக்குள் பம்பின் அழுத்தம் ஓரளவு தேங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில் ஆவிக்குமிழ்கள் உருவாகாமல் தடுப்பதில் அந்த அழுத்தத்துக்குப் பங்குண்டு. இவற்றோடு, எஞ்சின் எப்போதும் தேவையான சூட்டை எட்டாமல் ஓடினால் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும்.

தெர்மோஸ்டாட்டின் மீது சந்தேகம் இருந்தால், அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பாருங்கள். 82 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10 முதல் 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் புதிதாக மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி கொதிநிலையை ஏறத்தாழ 20 டிகிரி உயர்த்துகிறது. வில் தளர்ந்த மூடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியில் கைவைக்க வேண்டாம்.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். நின்றிருக்கும்போது சூடு ஏறவில்லை என்பதால் விசிறியின் மீது குறை சொல்வதற்கில்லை. பாரம் கூடும்போது மட்டும் ஏறுகிறது என்றால், எஞ்சின் வெளியிடும் வெப்பத்தைக் கூலன்ட் எடுத்துச் செல்ல முடியவில்லை, அல்லது ரேடியேட்டர் அதை வெளியேற்ற முடியவில்லை. இரண்டில் எது என்பதைப் பிரித்தறியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

ரேடியேட்டரின் மேல் கழுத்திலும் கீழ்க் கழுத்திலும் ஒவ்வொரு வெப்ப உணரியைக் கட்டி, ஏற்றத்தில் செல்லும்போது உடன் வருபவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். முள் ஏறும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால், ஓட்டம் மெதுவாக இருக்கிறது: பம்பையும் ஹோஸ்களையும் அடைப்புகளையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே சூடாக இருந்தால், ரேடியேட்டரின் இதழ்கள் அரித்தோ தூசியடைந்தோ வெப்பம் வெளியேறாமல் நிற்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்தினால் கறுப்பு வண்ணம் பூசிய பரப்பில் அளவெடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும்.

பலர் கவனிக்காத இடம் கீழ் ஹோஸ். அது பம்பின் உறிஞ்சு பக்கம் என்பதால், ரப்பர் தளர்ந்தோ உள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துக் கரைந்தோ போயிருந்தால், எஞ்சின் வேகமெடுக்கும்போது ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் பழையபடி விரிந்துவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது மிகவும் பொருந்துகிறது. அடுத்து பம்பைக் கழற்றி, உள்ளே சுழன்று கூலன்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். இதழ்கள் அரித்துக் குட்டையாகியிருந்தாலோ உறைக்கும் இதழுக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருந்தாலோ, கசிவு எதுவும் இல்லாமலே பம்பின் திறன் பெரிதும் குறைந்திருக்கும். சிறிய கப்பி வேண்டாம். அதிக வேகத்தில் இதழ்களின் பின்புறம் ஆவிக்குமிழ்கள் தோன்றி ஓட்டம் குறையும், உலோகமும் அரிக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கீழ் ஹோஸில் சுருள் இல்லை. புதியது மாற்றிய பிறகு ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் ஏற்றத்தில் இன்னும் சற்று ஏறுகிறது. இம்பெல்லர் நன்றாகவே இருக்கிறது. கூலன்டை முழுதாக வடிக்கலாம் என்று பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகால் திருகைக் கழற்றினேன். ஒரு துளிகூட வரவில்லை.

பதில் 3

உங்கள் மீதிப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. துருவும் வார்ப்பு மணலும் உப்புப் படிவும் சேறாகிப் பிளாக்கின் அடியில் தங்கி, சிலிண்டர்களின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஓட்டமே இல்லாமல் செய்திருக்கும். பம்பிலிருந்து தொலைவில் இருக்கும் கடைசி சிலிண்டரைச் சுற்றியே படிவு அதிகம் சேரும். திருகின் துளையில் கம்பியை நுழைத்துக் கிளறிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பக்கவாட்டு வெல்ச் பிளக்குகளை (பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் உலோக மூடிகள்) எடுத்துவிட்டு, உள்ளே கம்பியாலும் தண்ணீர்ப் பீச்சாலும் சுத்தம் செய்வதே முழுமையான வழி. வேலை கடினமானதுதான், ஆனால் ஹெட்டைக் கழற்றாமலே செய்துவிடலாம். வலுவான அமிலங்கள் உங்கள் அலுமினிய ஹெட்டை அரித்துவிடும். மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலைக்கூடக் குறுகிய நேரமே விட்டு, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள்.

ரேடியேட்டரைத் தனியே கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீரைச் செலுத்துங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல்தொட்டியின் ஈயப் பற்றை எடுத்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுத் தூர்வார முடியும்.

பிறகு காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். வெறும் நீர் வெப்பத்தை இன்னும் நன்றாகவே கடத்தும், ஆனால் துருத்தடுப்பு இல்லாததால் இதே சேறு மீண்டும் சேரும். வடித்த பழைய கூலன்ட் நஞ்சு. அதன் இனிப்புச் சுவைக்கு விலங்குகள் நக்கிவிடும் என்பதால் திறந்து வைக்காதீர்கள். நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் காற்றடைப்பு நீங்கும். பிளாக்கில் இளகிய துகள்கள் சில வாரங்களுக்கு வந்துகொண்டே இருக்கும் என்பதால், மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் ஒரு நுண்ணிய கம்பிவலையைப் பொருத்தி, தொடக்கத்தில் அடிக்கடி கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லையெனில் அவை அனைத்தும் இப்போது தூர்வாரிய குழாய்களிலேயே போய் அடையும்.