பேச்சுப் போட்டிக்குக் காந்தி: உப்பு, ராட்டையை விட்டால் என்ன சொல்லலாம்?

பிறைக்காரன்:
மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு காந்தி. 1869இல் போர்பந்தரில் பிறந்தார், 1930இல் உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தார் என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்தேன். மனப்பாடம் செய்துகொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "அடி வாங்கிட்டுத் திருப்பி அடிக்காதவன் பயந்தாங்கொள்ளி இல்லையாப்பா?" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குச் சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்தவர், துரை அடித்தால் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார் என்று பாட்டி சொல்லும். அதுவும் அகிம்சையா? பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

செந்தூல் டீச்சர்:
தண்டியை விடுங்கள் தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போங்கள். 1894, காந்தி அங்கே வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதம்தான். பாலசுந்தரம் என்ற தமிழர், சஞ்சிக்கூலி, துரை அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வெள்ளைக்காரர் முன்னால் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம், அதையே காந்தியிடமும் செய்தார். முதலில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அப்புறம்தான் டாக்டர், சான்றிதழ், நீதிமன்றம். சஞ்சி ஆள் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயில், அதனால் ஓடவும் வழியில்லை. துரைக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று காந்தி நினைக்கவில்லை, ஆளை அவரிடமிருந்து மீட்டால் போதும் என்றிருந்தார். நீதிபதி துரையைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார், பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாறினார். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை, அவ்வளவுதான். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அகிம்சை என்றும் சொல்ல மாட்டேன்.

கரும்பலகை:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் பேச்சைச் சாமி பாட்டாக்கி விடாதீர்கள். அதே தென்னாப்பிரிக்காவில் ஆரம்ப காலத்தில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் கேவலமாகவே எழுதியிருக்கிறார். 1932இல், தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்துத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து அம்பேத்கரை நெருக்கினார், அந்தக் கோபம் இன்றும் பலருக்கு ஆறவில்லை.

செந்தூல் டீச்சர்:
மறுக்கவில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு அத்தனையும் ஐந்து நிமிடத்தில் அடங்காது, ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பால்மரம்77:
பயந்தாங்கொள்ளி என்கிற பிள்ளைக்கு 1913ஐச் சொல்லுங்கள். அதே தென்னாப்பிரிக்காவில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. நம் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று பேசினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல், சிலர் கைக்குழந்தையோடு, காந்தி தலைமையில் அனுமதியில்லாமல் மாகாண எல்லை தாண்டி நடந்தார்கள், பிடிப்பார்கள் என்று தெரிந்தே. தில்லையாடி வள்ளியம்மைக்கு 16 வயசு, ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். அதே ஆண்டு வரி ஒழிந்தது.

பிறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி படித்துக் காட்டினேன். தலைத்துண்டில் ஆரம்பிக்கிறாளாம், போர்பந்தரை அவளே அடித்துவிட்டாள். தீர்ப்பு வரைக்கும் கேட்டுவிட்டு, "சரிப்பா, அப்போ அந்த ரெண்டு பல்லுக்கு?" என்றாள். டீச்சர், இதற்கும் நீங்கள்தான் வர வேண்டும்.