அம்மாவுக்குப் பத்தே நாளில் வந்த குழப்பம்: இது வயதின் விளைவுதானா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் மகள்

வணக்கம். என் தாயாருக்கு 78 வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நெடுநாளாக உண்டு. ஆனாலும் சென்ற மாதம் வரை கீரை ஆய்ந்து, பால் கணக்கைத் தம் கையால் எழுதி, என் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய தேதியைக்கூட எனக்கு நினைவூட்டி வந்தவர் அவர். இப்போது பகலில் தூங்கி வழிகிறார். விளக்கு வைக்கும் நேரமானால் முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு வாசற்படிக்கு வந்து, "நெல்லிக்குப்பம் பஸ் போய்விடும், ஆலைச் சங்கு ஊதிவிட்டது, அப்பா வந்துவிடுவார்" என்கிறார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அந்தத் தாத்தா இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

மூன்று வாரங்களுக்கு முன், கால் வீக்கத்துக்காகத் தனியார் மருத்துவர் ஒருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நானும் உப்பை அறவே நிறுத்திக் கஞ்சியும் இட்லியுமாகக் கொடுத்து வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளும், சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றும் இவற்றோடு உண்டு. லாஸ்பேட்டையிலிருக்கும் என் தம்பி, "வயதானால் அப்படித்தான் அக்கா" என்கிறான். இரவில் நான்கைந்து முறை அவர் எழுந்து நடப்பதால் எனக்கும் உறக்கமில்லை. நேற்று அவர்மீது கையை ஓங்கி, பின் இறக்கிக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், கோரிமேடு

சகோதரி, மீதியைப் பிறகு படியுங்கள். இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மறதி நோய் பெரும்பாலும் கறையான் அரிப்பதுபோல மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வருவது. பத்து நாளில் ஆள் மாறிப்போவதும், பகலில் ஒரு நிலையும் மாலையில் வேறொரு நிலையுமாக இருப்பதும் உடம்பில் வேறு ஏதோ கெட்டிருப்பதற்கான அறிகுறி. டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை இறங்குவது, மருந்துகள் எனப் பல காரணங்கள் உண்டு. முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது நீர் மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடும் சேர்ந்திருப்பதுதான். இரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய சோடியம் என்ற உப்புச் சத்தின் அளவு இவ்விரண்டாலும் இறங்கக்கூடும். அப்படியே இருந்தாலும், வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். இறங்கிய சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு வரும்.

வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும், கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தனியார் மருத்துவர் வணிகப் பெயரில் எழுதியதும், அரசுத் திட்டத்தில் வந்ததும் ஒரே மருந்தாக இருந்து இரண்டையும் விழுங்கியவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகள் முதியவர்களின் புத்தியைத் தனியாகவே குழப்பும். கருவி இருந்தால் இப்போதே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து அவர் விழுங்கும் நிலையிலும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

பதில் 2: கடலூர் முதுநகர் வாசகர்

மருத்துவம் பற்றி அம்மையார் சொன்னதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் தந்தையை ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். "அம்மா எங்கே" என்று அவர் கேட்கும்போதெல்லாம், உண்மையைச் சொல்வதே நேர்மை என்று எண்ணி, "அம்மா இறந்துவிட்டார்" என்பேன். அவரோ ஒவ்வொரு முறையும் முதன்முதலாகக் கேட்பவர்போல அழுவார். உங்கள் தாயாரிடம் பஸ் இல்லை என்று வாதாடாமல், நெல்லிக்குப்பத்தைப் பற்றிப் பேச விட்டு, பேசியபடியே உள்ளே அழைத்து வந்து ஏதாவது அருந்தக் கொடுத்துப் பாருங்கள்.

இருட்டு முதியவர்களை எவ்வளவு கலைக்கும் என்பதை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' என்ற புயல் அடித்துப் பல நாட்கள் மின்சாரம் இல்லாதபோதுதான் அறிந்தேன். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே அப்பாவுக்குக் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கட்டில் காலிலிருந்து கழிவறைக் கதவுக் கொண்டிவரை ஒரு பழைய வேட்டியை முறுக்கிக் கட்டினேன். அதைப் பிடித்தபடியே போய் வந்தார். மின்சாரம் வந்த பிறகு நடையில் இரவெல்லாம் சிறு விளக்கு எரிந்தது. ஆனால் சோப்புத் தண்ணீர் தேங்கிய தரையைக் கவனிக்கத் தவறினேன். அதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. சுவரில் கைப்பிடியும் காய்ந்த தரையும் இந்த வாரமே ஆகவேண்டிய வேலைகள். வாசற்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டு வையுங்கள். ஆனால் அறைக்குள் வைத்து வெளியே பூட்டாதீர்கள்.

பதில் 3: முத்தியால்பேட்டை வாசகர்

நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பிளுடன் போவேன். அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசுவார். அக்கா மிகைப்படுத்துகிறாள் என்று மனதார நம்பினேன். ஒருமுறை அக்கா, "நான் இரண்டு நாள் வெளியூர் போகிறேன், நீ வந்து இரு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். முதல் நாள் மாலை ஆறரை மணிக்கே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் தம்பியையும் வெள்ளி மாலை வந்து ஞாயிறு வரை தங்கச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், எந்த வாரம் வருவாய் என்று மட்டும் கேளுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் அலட்சியமாக இருக்கும் தம்பிக்கு முதல் மருந்து சட்டம் அல்ல என்பது என் எண்ணம். கை ஓங்கியதை நினைத்துக் குமைய வேண்டாம். தூங்காத உடம்பு செய்த வேலை அது. தூக்கத்துக்கு வழி செய்யுங்கள்.

மீண்டும், திருப்பாதிரிப்புலியூர் மகள்

அன்றே அழைத்துச் சென்றோம். சோடியம் 119. நான்கு நாட்கள் உள்நோயாளியாக வைத்து மெதுவாக ஏற்றினார்கள். நீர் மாத்திரையையும் சளி மாத்திரையையும் நிறுத்தினார்கள். மஞ்சப்பையில் ஒரே இரத்த அழுத்த மருந்து இரண்டு பெயரில் இருந்தது. சிறிது மறதி இன்னும் இருப்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றார்கள். தம்பி மருத்துவமனையில் இரண்டு இரவு இருந்தான். மாதத்தில் ஒரு வாரம் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகத் தானே சொல்லியிருக்கிறான், பார்ப்போம். நடையில் சிறு விளக்கு போட்டுவிட்டேன். இன்று காலை பால் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிய அம்மா, விடிய விடிய விளக்கு எரிந்தால் கரண்டு பில்லை யார் கட்டுவது என்று என்னிடம் சண்டை பிடித்தார்.