ப்ரோபேட்: விற்காத வீட்டின் விலையிலும் சொலிசிட்டருக்குச் சதவீதமா?

கணக்குப்பிள்ளை:
நிலா கேட்டது நேரான கேள்வி. அப்பா முன்பே போய்விட்டார், இப்போது அம்மாவும் இல்லை. உயில் இருக்கிறது. நிலாவும் தம்பியும்தான் எக்ஸிகியூட்டர்கள், அதாவது உயிலை நிறைவேற்றுகிறவர்கள், சொத்தும் அவர்கள் இருவருக்கும்தான். லண்டன் ஹரோவில் 460,000 பவுண் பெறுமதியான வீடு, வங்கியில் 60,000. கடன் எதுவும் இல்லை. ப்ரோபேட்டுக்கு, அதாவது உயிலின்படி சொத்தைக் கையாள நீதிமன்ற அனுமதி எடுப்பதற்கு, சொலிசிட்டர் வைக்க வேண்டுமா?

அதற்குத் தேம்ஸ்கரை அண்ணை சொன்ன பதில்: "சொலிசிட்டர் இல்லாமல் ப்ரோபேட்டில் கை வைக்கிறவன் கடைசியில் வீட்டையே இழப்பான்." தாயை இழந்து நிற்கிற பிள்ளைக்குச் சொல்கிற பதிலா இது?

நிலாவுக்கு ஒரு நிறுவனம் கொடுத்த மதிப்பீடு மொத்தச் சொத்தில் 2 சதவீதம், மேலே வாட் வரி. 520,000க்கு 10,400. 20 சதவீத வாட்டையும் சேர்த்தால் 12,480 பவுண். என் கேள்வி ஒன்றுதான். வீட்டின் விலையை ஏன் அதில் சேர்க்க வேண்டும்? வீட்டை விற்கப்போவதில்லை, பிள்ளைகள் பெயருக்கு மாற்றினால் போதும். வீடு 2 லட்சம் என்றாலும் 8 லட்சம் என்றாலும் அந்த வேலை ஒன்றுதான். வீட்டை விட்டுவிட்டு வங்கிக் காசுக்கு மட்டும் அதே 2 சதவீதம் போட்டால் வாட்டோடு 1,440. மிச்சம் 11,040 எதற்கு?

விண்ணப்பக் கட்டணம் 2024 மே மாதத்திலிருந்து 300 பவுண். இணையத்தில் நாமே விண்ணப்பித்து, அசல் உயிலைத் தபாலில் அனுப்பலாம். இதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

தேம்ஸ்கரை:
தம்பி, விண்ணப்பம் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறீர். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அம்மாவுக்கு யாரிடமாவது கடன் இருந்து, அதைத் தீர்க்காமல் சொத்தைப் பிரித்துவிட்டால், எக்ஸிகியூட்டர் தன் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டி வரும். அதற்காகத்தான் 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 27ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள். அரச கெசட்டிலும் வீடு இருக்கிற இடத்துப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டு இரண்டு மாதமாவது காத்திருக்க வேண்டும். இது நிலாவுக்குத் தெரியுமா? உமக்கே தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
தெரியும் அண்ணை. அந்த அறிவித்தலை எக்ஸிகியூட்டரே போடலாம் என்பதும் தெரியும். அதை நீங்கள் சொல்லவில்லை. வீட்டின் விலையை ஏன் சதவீதத்தில் சேர்க்கிறார்கள் என்றுதான் கேட்டேன்.

லெஸ்டர் செந்தில்:
எங்கள் வீட்டில் சொலிசிட்டர் இல்லாமல்தான் செய்தோம், ஒரு குறையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அசல் உயிலில் இருக்கிற ஸ்டேப்ளர் பின்னைத் தொடவே கூடாது. நகல் எடுக்கும்போது தாள் மடங்குகிறது என்று என் மைத்துனர் பின்னைக் கழற்றி, நகல் எடுத்து, வேறு பின் அடித்துவிட்டார். பழைய பின்னின் இரண்டு ஓட்டைகள் மூலையில் அப்படியே தெரிந்தன. உயிலோடு வேறு தாள் ஏதாவது இணைத்திருந்ததா, ஓட்டை எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுத்தில் விளக்கம் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

தேம்ஸ்கரை:
பாருங்கள்! ஒரு பின்னுக்கே இந்தப் பாடு. சொலிசிட்டரிடம் கொடுத்திருந்தால் அந்தப் பின்னை யாராவது தொட்டிருப்பார்களா?

லெஸ்டர் செந்தில்:
சார், நான் சொன்னது கவனமாக இருங்கள் என்று. அந்த விளக்கத்தைக்கூட நாங்களேதான் எழுதிக் கொடுத்தோம். என் வார்த்தையை எடுத்து உங்கள் கட்சிக்குச் சாட்சி ஆக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பின்னைக் கழற்றாமல் இருக்க 12,480 பவுணா? நல்ல நியாயம்.

தேம்ஸ்கரை:
சர்வே தேவையில்லை, வீடு பார்த்தாலே தெரியும் என்று போன வருஷம் ஒருவருக்குப் புத்தி சொன்னவர்தானே நீர். அவர் வாங்கிய வீட்டின் கூரை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பாரும்.

கணக்குப்பிள்ளை:
அந்த வீட்டுக்கும் ப்ரோபேட்டுக்கும் என்ன தொடர்பு? அவரிடம் சர்வே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கட்டடம் முழுவதையும் பார்க்கிற பெரிய சர்வே தேவையில்லை என்றுதான் சொன்னேன். பழசைக் கிண்டுவதை விட்டுவிட்டு, வீட்டு விலை ஏன் சதவீதத்தில் வருகிறது என்று சொல்லுங்கள்.

மல்லிகை:
நிலா, ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள் அம்மா. உங்கள் அப்பாவின் உயிலில் அம்மாவைத் தவிர வேறு யாருக்காவது ஏதாவது எழுதியிருந்தாரா? வாரிசு வரிக்கு ஒருவருக்கு 325,000 பவுண் வரை விலக்கு. அப்பா எல்லாவற்றையும் அம்மாவுக்கே விட்டிருந்தால் அவருடைய விலக்கு முழுவதும் அம்மாவின் கணக்குக்கு வரும், மொத்தம் 650,000. உங்கள் 520,000 அதற்குள் அடங்கிவிடும். வரியும் இல்லை, வரி அலுவலகத்துக்கு நீளமான படிவமும் இல்லை.

ஆனால் அப்பா தன் சகோதரருக்கு 15,000 எழுதி வைத்திருந்தார் என்றால் கதை மாறும். விலக்கு முழுதாக வராதபடியால், வரி ஒரு பென்ஸ்கூட இல்லாவிட்டாலும் ஐஎச்டி400 என்கிற வாரிசு வரிப் படிவத்தை நிரப்ப வேண்டி வரும். அது பெரிய படிவம், துணைப் படிவங்களும் சேர்ந்து வரும். சொலிசிட்டர் வேண்டுமா என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டின் விலையைப் பார்த்து அல்ல.

கணக்குப்பிள்ளை:
நன்றி அக்கா. வீட்டின் விலையைப் பார்த்து அல்ல என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு அவர்கள் ஏன் அதைப் பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள்?

மல்லிகை:
நான் சொன்னது அதுவல்ல. ஐஎச்டி400 பற்றிச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
அதையும் நாமே நிரப்பலாம். வீட்டைப் பிள்ளைகளுக்கு விடும்போது வருகிற 175,000 விலக்கு வேறு இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் வரி வராது.

மல்லிகை:
வரி வராது என்பதும் படிவம் வராது என்பதும் ஒன்றல்ல. அந்த 175,000ஐக் கேட்டாலும் ஐஎச்டி400தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தேம்ஸ்கரை:
சதவீதம் ஏன் என்று கேட்டீர், சொல்கிறேன், கேளும். 8 லட்சம் வீட்டில் ஒரு பிழை விட்டால் நட்டமும் 8 லட்சம் அளவுக்குப் போகும். அந்தப் பொறுப்பை ஏற்கிறவர் அதற்குக் காசு கேட்கத்தான் செய்வார். அவரிடம் காப்புறுதி இருக்கிறது. உம்மிடம் என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
சொலிசிட்டரை வைத்தாலும் எக்ஸிகியூட்டரின் பொறுப்பு எக்ஸிகியூட்டருக்குத்தான். அவர் பிழை விட்டால் அவர் மேல் கேட்கலாம், அவ்வளவே. வீட்டைப் பெயர் மாற்றுவதில் என்ன பிழை விடப்போகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிவிடுவார்களா?

இன்னொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கில்லாத ப்ரோபேட்டுக்கு என்ன கட்டணம் என்று சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தில் போட வேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி. போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தை மட்டும் தயாரித்துத் தர நிலையான கட்டணம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டின் விலையைக் கேட்டா கட்டணம் போடுகிறார்கள்? உங்கள் மகள் வேலை செய்கிற சொலிசிட்டர் அலுவலகத்தில் எப்படியோ தெரியாது.

தேம்ஸ்கரை:
என் பிள்ளையை இதற்குள் இழுக்க வேண்டாம். அவள் செய்வது குடிவரவு வழக்குகள். ப்ரோபேட் கட்டணத்தில் அவளுக்கு ஒரு சதம் வராது. இப்படிக் கதைக்கிற ஆளோடு எனக்கு இனிக் கதையில்லை.

லெஸ்டர் செந்தில்:
குடும்பத்தை இழுத்தது தப்பு. கணக்குப்பிள்ளை அந்த வரியை எடுத்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
எடுக்க மாட்டேன். அலுவலகத்தைத்தான் கேட்டேன், பிள்ளையை அல்ல.

நிலா:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவின் உயிலைத் தேடிப் பார்க்கிறேன் மல்லிகை அக்கா. இரண்டு விஷயம் சொல்ல விட்டுப்போனது. தம்பி டொரொன்டோவில் இருக்கிறான், கையெழுத்து என்றாலே இழுத்தடிக்கிறான். நான் தனியாக விண்ணப்பிக்க முடியுமா? அடுத்தது, யாழ்ப்பாணத்தில் அம்மா பெயரில் ஒரு காணி இருக்கிறது. அதையும் காட்ட வேண்டுமா?

மல்லிகை:
தனியாக விண்ணப்பிக்கலாம். தம்பி விலகத் தேவையில்லை, அவருடைய உரிமையை ஒதுக்கி வைத்து உங்கள் பெயரில் எடுக்கலாம். அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். காணியைக் கட்டாயம் காட்டுங்கள். அம்மா நெடுங்காலம் இங்கே வாழ்ந்தவர் என்றால் அதுவும் கணக்கில் சேரும். வெளிநாட்டுச் சொத்து 100,000 பவுணைத் தாண்டினால் அதற்கும் ஐஎச்டி400தான்.

தேம்ஸ்கரை:
காணி! இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். இங்கே எடுத்த ப்ரோபேட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே காணி பெயர் மாறிவிடுமா? அங்கே நீதிமன்றத்தில் வேறாக நடவடிக்கை எடுக்க வேண்டும். இனியும் இணையத்தில் தட்டிவிட்டுப் போகலாம் என்கிறாரா கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை:
இனிக் கதையில்லை என்றீர்கள், வந்துவிட்டீர்கள். நல்லது. முதலில் நீங்கள் காணியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, மேலே போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணக் காணிக்கு யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி வேண்டும். ஹரோ சொலிசிட்டர் அங்கே போய் நிற்கப்போகிறாரா? அந்தச் செலவு வேறு, இந்த 12,480 வேறு. காணியைக் காட்டி ஹரோ வீட்டுக்கு 2 சதவீதம் வாங்குவதை நியாயப்படுத்தாதீர்கள்.

லெஸ்டர் செந்தில்:
நிலா, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டீர்களா? ஆள் இல்லாத வீடு என்று தெரியப்படுத்தாவிட்டால், தண்ணீர்க் குழாய் வெடித்தால்கூட இழப்பீடு தர மறுக்கலாம்.

தேம்ஸ்கரை:
இதையும் சொலிசிட்டர் சொல்லியிருப்பார்.

லெஸ்டர் செந்தில்:
நான் இப்போது சும்மாவே சொல்லிவிட்டேனே சார்.

கணக்குப்பிள்ளை:
நிலா, மதிப்பீடு கொடுத்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வீட்டை விட்டுவிட்டால் கட்டணம் எவ்வளவு, விண்ணப்பத்தை மட்டும் செய்தால் எவ்வளவு, வாட் சேர்த்தா சேர்க்காமலா, இது மூன்றையும் கேளுங்கள். வருகிற பதிலை அப்படியே இங்கே போடுங்கள். அண்ணையும் பார்க்கட்டும்.

தேம்ஸ்கரை:
போடட்டும். அப்பாவின் உயிலில் வேறு பெயர் இருந்தால் அதையும் போடட்டும். அப்போது ஐஎச்டி400ஐக் கணக்குப்பிள்ளை சும்மா நிரப்பிக் கொடுக்கிறாரா பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை:
கொடுக்கிறேன். வீட்டு விலையில் சதவீதம் கேட்க மாட்டேன்.