புதுப்பிப்பு: மினிகாமில் எழுத்து ஏறாத கதை

போன கிழமை கேட்டிருந்தேன்: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியைச் சீரியல் வயரால் (பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பும் இணைப்பு) என் கணினியோடு இணைத்தால், விண்டோஸில் புட்டி என்ற முனைய மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. அதே வயர், விநாடிக்கு அதே 115200 பிட் வேகம், உபுண்டுவில் அதே வேலைக்கான மினிகாம் என்றால் எழுத்துகள் வருகின்றன, ஆனால் நான் தட்டுவது எதுவும் போவதில்லை. பிடிபட்டுவிட்டது.

மினிகாமில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு (எப்போது அனுப்பலாம் என்பதைத் தனிக் கம்பியில் சொல்லும் முறை) தொடக்கத்திலேயே ஆனில் இருந்தது. என் வயரிலோ அனுப்ப, வாங்க, கிரவுண்ட் என்று மூன்றே கம்பி. 'இப்போது அனுப்பலாம்' என்று சொல்லும் சிடிஎஸ் கம்பியே இல்லை. பாவம், மினிகாம் அந்தச் சைகைக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. புட்டி, தனிக் கம்பி தேவைப்படாத மென்பொருள் முறையைப் பாவிப்பதால் தப்பியது. கன்ட்ரோல்-ஏ, பிறகு ஓ, சீரியல் போர்ட் அமைப்பில் எஃப் அழுத்தி 'நோ' ஆக்கினேன். சரியாகிவிட்டது. ஒரு தம்பி வயரை மாற்றச் சொல்லியிருந்தார். நல்லவேளை, புது வயர் வாங்க இந்த வெயிலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து கஸ்தூரியார் வீதிக்குச் சைக்கிள் மிதிக்கவில்லை.

விஐ என்ற எழுத்துத் திருத்தியைத் திறந்தால் திரை குழம்புவது வேறு சிக்கல். வலையமைப்பு வழியாக இணையும் எஸ்எஸ்ஹெச் போல யன்னலின் அளவைச் சீரியல் சொல்லாது. மறுபக்கம் 24 வரி, 80 எழுத்து என்றே நினைத்துக்கொள்கிறது. முனைய அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் உண்மையான அளவைக் கையால் கொடுத்தேன். யன்னலை இழுத்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும், அதுதான் எரிச்சல்.