வாசலில் 2.1 மீட்டர், என் வண்டி 2.05 மீட்டர்: நுழையலாமா?

வணக்கம். கூரையில் பெட்டி மாட்டிய காரை அடித்தள பார்க்கிங்கில் விட்டுப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

கையேட்டில் என் வண்டியின் உயரம் 1.69 மீட்டர். அது கேரியர் இல்லாத கணக்கு. கேரியரும் பெட்டியும் மாட்டியபின், மேலே ஒரு நேரான பலகையை மட்டமாக வைத்து, அதன் அடிவிளிம்பிலிருந்து தரைவரை டேப் பிடித்தேன். 2.05 மீட்டர். போகவேண்டிய பார்க்கிங்கின் வாசலில் 2.1 என்று போட்டிருக்கிறது. 5 செ.மீ. இடைவெளி. கணக்குப்படி சரி, மனசுதான் கேட்கவில்லை.

வாசலைக்கூட சமாளித்துவிடலாம், அங்கே தொங்கும் கம்பி பெட்டியில் 'டங்' என்று தட்டினால் நின்றுவிடுவேன். பயமெல்லாம் சரிவு முடியும் இடத்தில்தான். முன்சக்கரம் சமதளத்திலும் பின்சக்கரம் சரிவிலும் இருக்கும்போது வண்டி பாலம்போல நிற்கும். நடுப்பகுதி தரையைவிட்டு எழும்பிக் கூரையை நெருங்கும். என் வண்டி நீளம் வேறு. 5 செ.மீ. அங்கேயே காலியாகிவிடாதா?

அப்புறம், தீயணைப்புக் குழாய்கள், விளக்குகளையும் சேர்த்துத்தான் பலகையில் உயரம் எழுதுவார்களா? சாமான்களை உள்ளே இறக்கிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி சற்று உயருமே, வெளியே வரும்போது அதனால் யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

குறைந்தது எத்தனை செ.மீ. இடைவெளி இருந்தால் நீங்கள் துணிந்து நுழைவீர்கள்? பெட்டியைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.